அடைத்த வளைவுகள்: வார்ரம் பெர்சி புனித மார்ட்டின் தேவாலயத்தின் கட்டடக்கலை வரலாறு

முன்னுரை

கட்டடக்கலை வரலாற்றை எழுதுவோர் ஒரு கட்டடம் எழுந்த காலத்தையும் விரிந்த காலத்தையும் விரிவாகப் பேசுவர். அது சுருங்கிய காலத்தைச் 'சிதைவு' என்னும் ஒரு சொல்லால் கடந்துவிடுவர். வளைவைச் செதுக்கிய கைகளுக்கு வரலாற்றில் இடமுண்டு. பின்னொரு நாளில் அவ்வளைவைக் கல்லிட்டு அடைத்த கைகளுக்கு இடமில்லை. ஆனால் அடைத்தலும் ஒரு கட்டடச் செயலே. அதற்கும் திட்டம் வேண்டும், பொருள் வேண்டும், பொறுப்பேற்பார் வேண்டும். எனவே அதுவும் சான்றாகக் கொள்ளத்தக்கது.

இக்கருத்தை விளக்குதற்கு ஏற்ற கட்டடங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் வட யார்க்சயரிலுள்ள வார்ரம் பெர்சி என்னும் ஆளொழிந்த ஊரில் கூரையின்றி நிற்கும் புனித மார்ட்டின் தேவாலயம் ஆகும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலத்தில் இது பலமுறை விரிந்தது, பலமுறை குறுகியது. இவ்விரிவையும் குறுக்கத்தையும் நிரல்பட எடுத்துரைப்பதும், அவற்றை ஊரின் மக்கள்தொகையோடு நேர்நேராகப் பொருத்திக் காணும் முறை எவ்வளவு செல்லும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஊரும் நிலமும்

வார்ரம் பெர்சி, யார்க் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவிலும், மால்டன் என்னும் சந்தையூருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவிலும் உள்ளது. 'வோல்ட்ஸ்' எனப்படும் சுண்ணப்பாறை மேட்டுநிலத்தின் விளிம்பில், ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றை ஒட்டி இவ்வூர் அமைந்திருந்தது. உழவர் மனைகள் மேட்டின்மேல் வரிசையாக இருந்தன. தேவாலயமோ கீழே, சரிவின் அடியில், ஊற்றுநீர் தேங்கும் குளத்தின் அருகே நின்றது. மேட்டில் வாழ்ந்தவர் வழிபாட்டிற்கும் அடக்கத்திற்கும் கீழிறங்கி வரவேண்டியிருந்தது.

1086இல் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' நிலக்கணக்கில் வார்ரம் இடம்பெற்றுள்ளது. ஊர்ப்பெயரின் பின்னொட்டு, இடைக்காலத்தில் இவ்வூரின் உரிமை பெற்றிருந்த பெர்சி என்னும் பிரபுக் குடும்பத்தால் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஊர் ஹில்டன் குடும்பத்தாரிடம் இருந்தது.

ஊர் ஒரே நாளில் அழிந்ததன்று. 1315 முதல் 1317 வரை நேர்ந்த பெரும்பஞ்சமும், 1322இல் யார்க்சயருக்குள் புகுந்த ஸ்காட்லாந்துப் படைகளின் சூறையும் வடநாட்டு ஊர்களை நலிவித்தன. 1323ஆம் ஆண்டின் விசாரணை ஆவணம் வார்ரம் பெர்சியில் நிலத்தின் பெரும்பகுதி உழப்படாமல் கிடந்ததையும், ஆலைகள் பழுதுற்றிருந்ததையும் குறிக்கிறது. 1349இல் கொள்ளைநோய் பரவியது. எனினும் ஊர் மடியவில்லை. 1368இல் ஏறத்தாழ 30 மனைகளில் மக்கள் இருந்தனர். 1458இல் அவ்வெண்ணிக்கை 16 ஆகக் குறைந்தது. இறுதியில், உழுநிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு மாற்றும் பொருட்டு எஞ்சிய குடிகள் வெளியேற்றப்பட்டனர். நாடெங்கும் நிகழ்ந்த இத்தகைய வெளியேற்றங்களை ஆராய 1517இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை, ஹில்டன் பிரபுவால் இவ்வூரில் நான்கு ஏர்கள் நிறுத்தப்பட்டு நான்கு வீடுகள் பாழாக விடப்பட்டதைப் பதிவு செய்கிறது. கொள்ளைநோயால் ஒழிந்த ஊர் என்று பொதுவழக்கில் சொல்லப்படும் இவ்வூரை உண்மையில் ஒழித்தது ஆட்டுமயிரின் விலையே எனலாம்.

ஆய்வு நிகழ்ந்த வகை

லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பொருளியல் வரலாற்றறிஞர் மாரிஸ் பெரஸ்போர்டு 1948இல் இவ்விடத்தை முதன்முதலாகக் கண்டார். புல்மூடிய மேடுபள்ளங்களை, மறைந்த வீடுகளின் அடித்தளங்கள் என அவர் இனங்கண்டார். 1950இல் தொடங்கிய அகழாய்வில் தொல்லியலறிஞர் ஜான் ஹர்ஸ்ட் விரைவில் இணைந்தார். கோடைதோறும் தொண்டர்களின் துணையுடன் நடந்த இவ்வாய்வு 1990 வரை, நாற்பது ஆண்டுகள் நீண்டது. இங்கிலாந்தின் இடைக்காலச் சிற்றூர் ஆய்வு ஒரு தனித்துறையாக வளர்ந்ததில் இவ்வகழாய்விற்குப் பெரும்பங்கு உண்டு.

தேவாலயம் 1962 முதல் 1974 வரை அகழப்பட்டது. வழிபாடு நடைபெறும் தேவாலயத்தில் தளத்தைப் பெயர்த்து முழுமையாக அகழ்தல் எளிதன்று. வழிபாடு நின்றுபோனதாலேயே இங்கு அது இயன்றது. சுவர்களின் மேற்பகுதியை மட்டும் கண்டு காலங்கணித்த முறைக்கு மாறாக, மண்ணடியில் இருக்கும் அடித்தளங்களையும் மண்மேல் நிற்கும் சுவர்களையும் ஒரே ஆவணமாகக் கொண்டு படித்தது இவ்வாய்வின் சிறப்பாகும். தேவாலயம் பற்றிய தொகுதி 1987இலும், கல்லறைத் தோட்டம் பற்றியது 2007இலும், ஆய்வு வரிசையின் இறுதித் தொகுதி 2012இலும் வெளிவந்தன.

கட்டட உறுப்புகள்

மேற்செல்லுமுன் இக்கட்டுரையில் ஆளப்படும் சொற்களை வரையறுத்துக்கொள்வது நலம். இடைக்கால ஆங்கிலப் பங்குத் தேவாலயம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காக நீள்வது. மக்கள் கூடி நிற்கும் பகுதி 'நடுக்கூடம்' என்றும், அதற்குக் கிழக்கே குருவானவர் பலிநிறைவேற்றும் பகுதி 'பீடப்பகுதி' என்றும் இங்குக் குறிக்கப்படுகின்றன. நடுக்கூடத்தின் வடக்கிலும் தெற்கிலும் இணைக்கப்படுவன 'பக்கக்கூடங்கள்'. பக்கக்கூடத்தைச் சேர்க்கும்போது நடுக்கூடத்தின் பழைய சுவரை முற்றிலும் இடிப்பதில்லை. அச்சுவரில் வரிசையாக வளைவுகள் திறக்கப்பட்டுத் தூண்கள் நிறுத்தப்படும். இதனை 'வளைவுவரிசை' எனலாம். மேற்கு முனையில் மணிக்கோபுரம் அமையும். ஒரு குருவானவரின் ஆன்மிகப் பொறுப்பிலும் பத்திலொரு பங்கு வரி உரிமையிலும் அடங்கிய நிலப்பரப்பு 'பங்கு' எனப்படும்.

விரிந்த கட்டங்கள்

அகழாய்வாளர் கண்ட மிகப் பழைய சுவடு, பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்பட்ட மரத்தாலான சிறு தேவாலயமாகும். மரம் மக்கிவிட, தூண்குழிகளே எஞ்சின. தூண்குழிகள் மட்டும் சான்றாக உள்ள இடத்தில் அவை கட்டடத்திற்கு உரியனவா, பின்னெழுந்த கட்டடத்தின் சாரத்திற்கு உரியனவா எனும் ஐயத்திற்கு இடமுண்டு. ஆதலின் இம்முதற்கட்டத்தை உறுதியான முடிவாகக் கொள்ளாமல் கருதுகோளாகக் கொள்வதே முறையாகும்.

ஐயமற்ற முதற்கட்டம் பதினோராம் நூற்றாண்டின் கற்கட்டடமே. சிறிய நடுக்கூடமும் அதனினும் சிறிய பீடப்பகுதியும் மட்டுமே கொண்டது இது. இதன் அடித்தளங்கள் பிற்காலத் தேவாலயத்தின் நடுக்கூடத் தளத்தினடியில் கண்டறியப்பட்டன. அதாவது, பிந்திய கட்டடம் முந்தியதைத் தன்னுள் அடக்கிக்கொண்டு எழுந்துள்ளது. பழைய கட்டடத்தைச் சுற்றிப் புதியதை எழுப்பும் இம்முறையில், புதிய சுவர்கள் உயரும் வரையில் பழைய சுவர்களுக்குள் வழிபாடு தொடர்ந்திருத்தல் இயலும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தேவாலயம் பெரிதாக எழுப்பப்பட்டது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் நாடெங்கும் ஊர்த் தேவாலயங்கள் கல்லால் மாற்றிக் கட்டப்பட்ட பெருமுயற்சியின் ஒரு பகுதியாக இதனைக் கொள்ளவேண்டும். இக்கட்டத்தில் பீடப்பகுதியின் கிழக்கு முனை அரைவட்டமாக அமைந்தது. கண்டத்து ஐரோப்பாவில் நிலைத்துவிட்ட இவ்வரைவட்ட முடிவு இங்கிலாந்தில் நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஆங்கிலக் கட்டடக் கலைஞர் நேர்ச்சுவரால் முடியும் செவ்வக வடிவத்தையே மீண்டும் விரும்பினர். வார்ரம் பெர்சியிலும் அரைவட்டம் பின்னர் நீக்கப்பட்டு, நீண்ட செவ்வகப் பீடப்பகுதி அதன் இடத்தைப் பெற்றது. இன்று அவ்வரைவட்டத்தின் சுவர் மண்மேல் இல்லை. அகழாய்வு இன்றேல் அஃது இருந்ததே அறியப்பட்டிராது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்குப் பக்கக்கூடமும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வடக்குப் பக்கக்கூடமும் சேர்க்கப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடகிழக்கில் ஒரு சிற்றாலயம் இணைந்தது. தேவாலயம் தன் பேரளவை எய்தியது இக்காலத்திலேயே ஆகும்.

இவ்விரிவுக்கு ஆளான மக்களைக் கல்லறைத் தோட்டம் காட்டுகிறது. அகழ்ந்தெடுக்கப்பட்ட 687 பேரின் எலும்புகள், இடைக்கால உழவர் உடல்நிலை பற்றி ஐரோப்பாவில் கிடைத்துள்ள மிக முதன்மையான தொகுப்புகளுள் ஒன்றாகும். எலும்பிலுள்ள நைட்ரசன் ஓரிடத்தான்களை ஆய்ந்தவர்கள், இங்குக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது வரை தாய்ப்பால் ஊட்டப்பட்டதைக் கண்டனர். குழந்தைகளின் எலும்பு நீளமோ, அவர்கள் இக்காலக் குழந்தைகளினும் மிகக் குட்டையாக இருந்ததைக் காட்டுகிறது. இவ்வளவு மெலிந்த வாழ்வினரின் உழைப்பில் விளைந்த தானியமே பத்திலொரு பங்காகவும் குத்தகையாகவும் மாறி இக்கற்களை நிறுத்தியது என்பதைக் கட்டடக்கலை வரலாறு மறக்கலாகாது.

சுருங்கிய கட்டங்கள்

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்குப் பக்கக்கூடம் இடிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் வடக்குப் பக்கக்கூடமும் அவ்வாறே நீங்கியது. பக்கக்கூடம் நீங்கினால் வளைவுவரிசை வெளிப்புறமாகத் திறந்து நிற்கும். எனவே வளைவுகளுக்கு இடைப்பட்ட வெளியைக் கல்லிட்டு நிரப்பி, அவ்வடைப்பிலேயே சாளரங்களைப் பொருத்தினர். முன்பு நடுக்கூடத்தையும் பக்கக்கூடத்தையும் இணைத்த வாயில்கள் இப்போது புறச்சுவராயின.

தெற்குச் சுவரை இன்று காண்போர்க்கு இச்செயல் தெளிவாகப் புலனாகும். வளைவின் கற்கள் ஒழுங்காகச் செதுக்கப்பட்டு ஒரு வரிசையில் ஓடுகின்றன; அவற்றின் அணைப்புக்குள் நிரப்பிய சுவர் வேறு தன்மையில் உள்ளது; அதன் நடுவே சாளரம். மூன்று வேறு காலங்களின் முடிவுகள் ஒரே சுவர்ப்பரப்பில் காணலாகின்றன. எழுத்தாவணம் ஏதுமின்றியே இன்னது முந்தியது, இன்னது பிந்தியது என்று இச்சுவர் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அடைப்பு வளைவைச் சார்ந்து நிற்கிறது. வளைவு அடைப்பைச் சார்ந்து நிற்கவில்லை. இவ்வெளிய தருக்கமே கட்டடத்தைப் படிக்கும் முறையின் அடிப்படையாகும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பக்கக்கூடத்தை நீக்கியவர்கள் அதனைக் கவனிப்பின்றி விழவிட்டவர்கள் அல்லர். விழவிட்டிருந்தால் நடுக்கூடமும் மழைக்குத் திறந்து கிடந்து உடன் அழிந்திருக்கும். பேணமுடியாத பகுதியை அறிந்து நீக்கி, பேணக்கூடிய பகுதியை வலுப்படுத்தியுள்ளனர். சுருக்கம் என்பது கைவிடுதல் அன்று. காப்பாற்றுதலின் ஒரு வகை.

பதினேழாம் நூற்றாண்டில் பீடப்பகுதியின் நீளம் குறைக்கப்பட்டது. இதனோடு தேவாலயம், சில நூற்றாண்டுகளுக்கு முன்பு இருந்த எளிய வடிவை, அதாவது பக்கக்கூடமற்ற நடுக்கூடமும் சிறு பீடப்பகுதியும் மேற்குக் கோபுரமும் கொண்ட வடிவை, ஏறத்தாழ மீண்டும் அடைந்தது.

மக்கள்தொகைக் கருத்தும் அதன் எல்லைகளும்

மக்கள் பெருகியபோது தேவாலயம் விரிந்தது, குறைந்தபோது சுருங்கியது என்னும் விளக்கம் வார்ரம் பெர்சியை ஒட்டிப் பரவலாக எடுத்துரைக்கப்பட்ட ஒன்றாகும். பொதுநிலையில் இது பொருந்துகிறது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகள் இங்கிலாந்தில் மக்கள்தொகை பெருகிய காலம். பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது சரிந்த காலம். ஆயினும் நுணுகி நோக்கின் மூன்று இடங்களில் இவ்விளக்கம் தடைப்படுகிறது.

முதலாவது, பக்கக்கூடத்தின் பயன் பற்றியது. இடைக்காலத்தில் அது கூட்டத்திற்கு இடந்தருவதற்காக மட்டும் எழுந்ததன்று. துணைப்பீடங்கள், இறந்தோர்க்கான வேண்டுதல்கள், திருவிழாப் பவனிகள் ஆகியவற்றிற்கும் அது களமாக இருந்தது. 1547ஆம் ஆண்டுச் சட்டத்தால் இறந்தோர் வேண்டுதலுக்கான அறக்கட்டளைகள் கலைக்கப்பட்டன. சமயச் சீர்திருத்தத்தில் துணைப்பீடங்கள் பயனிழந்தன. எனவே வடக்குப் பக்கக்கூடம் நீங்கியதற்கு ஆள்குறைவோடு சடங்கு மாற்றமும் துணைக்காரணமாக இருந்திருத்தல் கூடும்.

இரண்டாவது, காலப்பொருத்தம் பற்றியது. வடகிழக்குச் சிற்றாலயம் சேர்க்கப்பட்ட பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதி, பஞ்சத்தாலும் படையெடுப்பாலும் நிலங்கள் தரிசாகிக் கிடந்த காலத்தை ஒட்டியது. கூட்டம் பெருகியதால் இஃது எழுந்தது எனல் பொருந்தாது. இத்தகைய சிற்றாலயங்கள் பெரும்பாலும் செல்வர் குடும்பத்தின் நினைவுக்கும் வேண்டுதலுக்கும் உரியன. ஊரின் வறுமையும் பிரபுவின் கொடையும் ஒரே காலத்தில் நிகழக்கூடும். கட்டடம் ஊரின் எண்ணிக்கையை மட்டும் அளக்கும் கோல் அன்று. ஊரில் யார் கையில் பொருள் இருந்தது என்பதையும் அது சேர்த்தே காட்டுகிறது.

மூன்றாவது, கட்டடத்தைப் பேணும் பொறுப்பு பற்றியது. இங்கிலாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் நிலைபெற்ற வழக்கின்படி, நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது பங்கு மக்களின் கடமை. பீடப்பகுதியைப் பழுதுபார்ப்பது பத்திலொரு பங்கு வரியைப் பெறுவோரின் கடமை. ஒரே கட்டடம்; கணக்கோ இரண்டு. வார்ரம் பெர்சியில் பக்கக்கூடங்கள் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் நீங்க, பீடப்பகுதி பதினேழாம் நூற்றாண்டு வரை குறையாமல் நின்றது. சுருக்கம் ஒரே வீச்சில் நிகழாமல் இரு பகுதிகளில் இரு வேறு காலங்களில் நிகழ்ந்தமைக்கு இவ்விரட்டைப் பொறுப்பு ஒரு காரணம் எனக் கொள்வது தகும். மக்கள் தம் கடமைக்கு உட்பட்ட பகுதியைத் தம் ஆற்றலுக்கேற்பக் குறைத்தனர். பீடப்பகுதிக்கு உரியவர் தம் பகுதியைப் பின்னர்க் குறைத்தனர். மக்கள்தொகையை மட்டும் நோக்கும் விளக்கம் இக்கால இடைவெளியைக் கணக்கில் கொள்வதில்லை.

இவ்வூரின் பிற கட்டடங்கள் பற்றிய ஆய்வும் இத்தகைய எச்சரிக்கையை வலியுறுத்துகிறது. உழவர் வீடுகளின் சுவர்கள் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டதைக் கண்ட தொடக்ககால ஆய்வாளர், அவ்வீடுகள் தலைமுறைக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்பட்ட நலிந்த குடில்கள் எனக் கருதினர். ஸ்டூவர்ட் ராத்மெல் 1989இல் இதனை மறுத்தார். கூரையின் சுமையைத் தாங்கியவை வளைமரச் சட்டங்களே. சுவர்கள் இடைவெளியை அடைத்தவை மட்டுமே. ஆகவே சுவர் மாறினும் வீடு நீடித்தது என்பது அவர் காட்டிய உண்மை. சுவரின் மாற்றத்தை வாழ்வின் நிலையாமையாகப் படித்தது பிழையாயிற்று. தேவாலயச் சுவரின் மாற்றத்தைப் படிக்கும்போதும் இப்படிப்பினையை நினைவில் கொள்ளல் வேண்டும்.

ஊர் ஒழிந்தும் நின்ற தேவாலயம்

மேற்கூறியவற்றினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. 1500ஐ ஒட்டி ஊர் ஒழிந்தது. தேவாலயமோ அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வழிபாட்டில் இருந்தது. ஊரே இல்லாத இடத்தில் தேவாலயம் நின்றது எவ்வாறு?

விடை பங்கின் எல்லையில் உள்ளது. புனித மார்ட்டின் தேவாலயம் வார்ரம் பெர்சிக்கு மட்டும் உரியதன்று. பர்டேல், ரெய்ஸ்தார்ப், திக்ஸண்டேல், டோதார்ப் ஆகிய நான்கு சிற்றூர்களும் அப்பங்கைச் சார்ந்தவை. ஐந்து ஊர்களுக்கும் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் இங்கேயே நிகழவேண்டும். காலப்போக்கில் இவ்வைந்தனுள் திக்ஸண்டேல் ஒன்றே ஊராக நிலைத்தது. ஏனைய நான்கும் பண்ணைகளாகவும் மேய்ச்சல் நிலங்களாகவும் மாறின. எனவே பக்கக்கூடங்கள் நீங்கியதை ஓர் ஊரின் அழிவாகக் காணாமல், ஒரு பங்கு முழுவதன் தேய்வாகக் காண்பதே பொருந்தும். ஊரின் ஆவணங்களை மட்டும் கொண்டு தேவாலயத்தைப் படித்தால் இவ்வுண்மை புலப்படாது.

திக்ஸண்டேல் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4 கி.மீ. தெற்கே, மேடுகளுக்கு அப்பால் உள்ளது. அவ்வூரார் தம் குழந்தைகளையும் தம் இறந்தோரையும் சுமந்துகொண்டு மேடேறி இறங்கி, மக்கள் வாழாத பள்ளத்தாக்கிலிருந்த தேவாலயத்திற்கு வந்தனர். அடைத்த வளைவுகளின் பின்னே நின்று பல தலைமுறைகள் வழிபட்டவர் இவர்களே. சுருங்கிய தேவாலயம் இவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இவர்கள் நோக்கில் அது சிதைவன்று, தங்கள் தேவாலயம்.

1870இல் திக்ஸண்டேலிலேயே ஒரு புதிய தேவாலயம் எழுந்தது. பெருநிலக்கிழார் சர் டாட்டன் சைக்ஸ் பொருளுதவ, விக்டோரியா காலத்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்மண்டு ஸ்ட்ரீட் அதனை அமைத்தார். மேடேறி வரும் தேவை அதனோடு ஒழிந்தது. புனித மார்ட்டின் தேவாலயத்தில் வழிபாடு அருகியது; இறுதி வழிபாடு 1949இல் நடந்தது. பேணுவாரின்றிக் கூரை அழிந்தது. 1950களின் இறுதியில் மணிக்கோபுரத்தின் ஒரு பாதி சரிந்து வீழ்ந்தது.

ஆக, இத்தேவாலயத்தை ஒழித்தது கொள்ளைநோயும் அன்று. ஆட்டு மேய்ச்சலும் அன்று. அவை ஊரை ஒழித்தன. தேவாலயத்தை ஒழித்தது மற்றொரு தேவாலயமே. ஊரின் முடிவும் தேவாலயத்தின் முடிவும் இருவேறு நிகழ்ச்சிகள். இவற்றிற்கிடையே ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டு இடைவெளி உள்ளது. இரண்டையும் ஒன்றாக்கி 'ஆளொழிந்த ஊரும் அதன் தேவாலயமும்' எனக் கூறும் வழக்கு, திக்ஸண்டேல் மக்களின் வரலாற்றை மறைத்துவிடுகிறது.

பேணல் முறை பற்றி ஒரு குறிப்பு

அகழாய்வுக்குப்பின் இத்தேவாலயம் கூரையற்ற எச்சமாகவே பேணப்பட்டு வருகிறது. பழங்கட்டடத்தைப் புதுப்பிக்க விரும்புவோர் முன் எப்போதும் ஒரு வினா எழும்: எந்தக் காலத்து வடிவை மீட்பது? பதினான்காம் நூற்றாண்டின் பேரளவே 'உண்மையான' வடிவம் எனக் கொண்டிருந்தால், அடைப்புக் கற்களைப் பெயர்த்து வளைவுகளைத் திறந்திருப்பர். கண்ணுக்கு அழகிய காட்சி கிடைத்திருக்கும். ஐந்நூறு ஆண்டு வரலாறு அழிந்திருக்கும். அடைப்பை அடைப்பாகவே விட்டதால் விரிவும் சுருக்கமும் ஒருங்கே கற்பார்க்கு எஞ்சியுள்ளன. பாதி வீழ்ந்த கோபுரமும் மீண்டும் எழுப்பப்படவில்லை. அதன் உட்புறம் வெட்டுமுக வரைபடம் போலத் திறந்து நிற்கிறது. பழங்கட்டடங்களைத் திருப்பணி என்னும் பெயரால் ஒரே காலத்துத் தோற்றத்திற்குத் திருப்ப விழைவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

முடிவுரை

இக்கட்டுரையில் கண்ட செய்திகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

1. புனித மார்ட்டின் தேவாலயம் பதினோராம் நூற்றாண்டின் சிறு கற்கட்டடத்திலிருந்து பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேரளவை எய்தி, பதினேழாம் நூற்றாண்டிற்குள் மீண்டும் எளிய வடிவை அடைந்தது.

2. இம்மாற்றங்களை மக்கள்தொகை ஏற்றஇறக்கத்தால் மட்டும் விளக்குதல் இயலாது. பிரபுக்களின் கொடை, சடங்கு மாற்றம், நடுக்கூடத்திற்கும் பீடப்பகுதிக்கும் உரிய இரட்டைப் பொறுப்பு ஆகியவையும் கருதப்படல் வேண்டும்.

3. தேவாலயத்தை ஓர் ஊரின் உடைமையாகக் காணாமல் ஐந்து ஊர்கள் அடங்கிய பங்கின் உடைமையாகக் காண்பதே அதன் நீண்ட வாழ்வையும் முடிவையும் விளங்கச் செய்கிறது.

4. இடித்தலும் அடைத்தலும் கட்டுதலுக்கு நிகரான வரலாற்றுச் சான்றுகள். ஒரு கட்டடத்தின் கால வரிசையை எழுதும்போது அவற்றிற்கும் தனிக்கட்டங்கள் வகுக்கப்படல் வேண்டும்.

செதுக்கிய வளைவு, ஓர் ஊர் வளமாயிருந்தபோது என்ன விரும்பியது என்பதைச் சொல்கிறது. அதனை அடைத்த சுவர், குறைந்தவர் எதனைக் கைவிட மறுத்தனர் என்பதைச் சொல்கிறது. வார்ரம் பெர்சியின் தெற்குச் சுவரில் இவ்விரண்டும் இன்றும் ஒருசேர நிற்கின்றன.